பின் சீட்டில் யார் உட்காருவாங்க?

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். புதுக்கோட்டையில், திருச்சி சாலையில் இருந்த அந்த கார் ஷோரூமின் முற்றத்தில் நான் முதலில் பார்த்தது ஒரு ஜோடி செருப்பு. பழுப்பு நிறம், வார் தேய்ந்தது, பெண்கள் அணிவது. சிமெண்டுத் தரையில் சாலையைப் பார்த்தபடி சீராக வைக்கப்பட்டிருந்தது. ஷட்டர் பாதி ஏறியிருந்தது. சுற்றிலும் ஆள் இல்லை.

எட்டு நிமிடம் கழித்து ஒரு வெள்ளை வண்டி உள்ளே வந்து, பின் கதவு செருப்புக்கு நேராக வரும்படி நின்றது. கதவு திறந்தது. இரண்டு வெறும் பாதங்கள் இறங்கிச் செருப்புக்குள் நுழைந்தன. அதன் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன்.

நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஷோரூமின் நீலக் கோட்டு. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார்.

"நீங்கதான் நேத்து போன் பண்ணுனீங்களா சார்? வண்டி உங்களுக்கா?"

"எங்க அண்ணனுக்கு."

"யாரு ஓட்டப் போறா?"

"நான்தான்."

"அப்ப பின் சீட்டுல யாரு உக்காருவாங்க?"

கார் வாங்க வருகிற எல்லோரிடமும் அவர் இந்தக் கேள்வியைக் கேட்பார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பெரும்பாலானவர்கள் அதை யோசித்திருக்க மாட்டார்கள். கார் வாங்க வருபவர் நேரே ஸ்டீயரிங் பக்கம் போவார். கூட வந்தவர்கள் எங்காவது உட்கார்ந்துகொள்வார்கள். பின் சீட்டு என்பது அவர்களைப் பொறுத்தவரை மிச்சம் இருக்கிற இடம். இவருக்கு அதுதான் வண்டி.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் ஏறுவார். பாதங்களை மிதியடிக்கு அடியில், தகரத் தளத்தில் பதிய வைப்பார். சாலையில் கிடக்கும் சரளை, பழைய தார் ஒட்டு, பாலத்தின் இணைப்பு எல்லாம் முதலில் தளத்துக்கு வரும், அப்புறம்தான் முதுகுக்குப் போகும் என்பது அவர் கணக்கு. ஒரே வண்டியில் விலை குறைந்த வகைக்கும் விலை கூடிய வகைக்கும் உள்ள வித்தியாசத்தை ஷோரூமில் மற்றவர்கள் திரை, கேமரா, மேலே திறக்கும் கண்ணாடி என்று விரல் விட்டுச் சொல்வார்கள். அவர் குனிந்து டயரின் பக்கவாட்டைக் கையால் அளந்து காட்டுவார். விலை குறைந்த பேஸ் மாடலில் நான்கு விரல் தாராளமாகப் பிடிக்கும். விலை கூடிய டாப் எண்டில் சக்கரம் பெரிது, அலாய் உலோகம். அதைச் சுற்றி இருக்கும் ரப்பர் மூன்று விரல்தான்.

"இந்த ஒரு வெரல்தான் சார் வித்தியாசம். மத்ததெல்லாம் அலங்காரம்."

டெஸ்ட் டிரைவுக்கு வண்டி ஓட்டும் டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முன்பு லாரியில் இருந்தவர். அவருக்கு டாப் எண்டுதான் பிடிக்கும். வளைவில் சாயாது, ஸ்டீயரிங் சொன்ன இடத்தில் நிற்கும். பேஸ் மாடல் கண்மாய்க்கரைத் திருப்பங்களில் உடம்பைக் கொஞ்சம் சாய்த்துவிட்டுத்தான் நிமிரும்.

"டாப் எண்டு கையில நிக்குது மேடம்," என்பார்.

"ஒங்க கையில நிக்கும்ணே. பின்னாடி இருக்கிறவங்க இடுப்புல நிக்குமா?"

இந்த வாக்குவாதம் அவர்களுக்குள் தினமும் நடக்கும் போலிருந்தது. இருவரும் சிரிக்காமலே சொல்லிக்கொள்வார்கள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. வண்டி ஓடும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவரைப் பேசாமல் இருக்க விடமாட்டார். இன்றைக்கு என்ன குழம்பு, பேத்தி எந்தப் பள்ளிக்கூடம், ஊரில் மழை உண்டா என்று எதையாவது கேட்டுக்கொண்டே வருவார். பதில் வர இரண்டு நொடி தாமதமானால், "முழிச்சிருக்கீங்களா?" என்பார். வியாபாரத்துக்காகப் பேசுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டிரைவர் எனக்கு ஒரு கதை சொன்னார். திருமயம் பக்கமிருந்து ஒரு கல்யாண வீட்டார் மாப்பிள்ளைக்கு வண்டி எடுக்க வந்தார்களாம். டாப் எண்டுதான் என்று முடிவு செய்துவிட்டு வந்தவர்கள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மேடம் மாப்பிள்ளையின் தாயாரைப் பின் சீட்டில் ஏற்றி, ரயில்வே கேட் வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வந்திருக்கிறார். இறங்கியதும் அந்த அம்மாள், "நல்லாத்தான் இருக்கு, ஆனா நடு முதுகுல யாரோ தட்டுற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார். வீட்டார் யோசிக்கிறோம் என்று போனார்கள். திரும்பி வரவில்லை.

"மேனேஜரு கேபினுக்குள்ள கூப்புட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு சார். இந்தம்மா வெளிய வந்து என்ன சொல்லுச்சு தெரியுமா? 'அந்தம்மாவுக்கு அறுபது வயசுண்ணே'ன்னுச்சு. அவ்வளவுதான்."

ஒருமுறை அந்தப் பெண்மணியை இலுப்பூர் பேருந்தில் பார்த்தேன். முன்னால் இருக்கைகள் காலியாக இருந்தன. பின் சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கும், யாரும் விரும்பாத இருக்கையில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஷோரூமுக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் ஒரு தனியார் ஆம்புலன்சில் உதவியாளராக இருந்ததாக அன்றைக்குத்தான் சொன்னார். ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். சன்னலைப் பார்த்தபடி, "அன்னவாசல்ல ஒரு வேகத்தடைய எடுத்துட்டாங்க, கவனிச்சீங்களா?" என்றார்.

என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளைகுடா நாட்டில் கட்டட வேலையில் இருந்தவர். சாரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் ஆறு திருகாணிகளோடு இலுப்பூருக்கு வந்து சேர்ந்தார். வாரத்துக்கு மூன்று நாள் புதுக்கோட்டைக்குப் பயிற்சி சிகிச்சைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் இடது கால் சூம்பிவிடும். போனால் சாலை. வாடகை வண்டியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் துண்டைப் பற்களுக்கு இடையில் வைத்துக் கடிப்பார். இரண்டாவது மாதம் எக்ஸ்ரே பார்த்த திருச்சி மருத்துவர், அடியில் இருக்கும் ஒரு திருகாணியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். அது லேசாகத் தளர்ந்திருப்பதுபோல் தெரிகிறது, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம், அதுவரை குலுங்கக் கூடாது என்றார். நகர்ந்தால் மறுபடி திறக்க வேண்டும். திறந்தால் கால் எந்த அளவுக்கு வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

அதனால்தான் சொந்த வண்டி. அண்ணனுக்கு டாப் எண்டு வேண்டும். அவரோடு வெளிநாடு போய்த் திரும்பிய எல்லோர் வீட்டு வாசலிலும் டாப் எண்டுதான் நிற்கிறது.

"படுத்துக்கெடந்தாலும் மேல வானம் தெரியணும்டா," என்றார். அந்தத் திறக்கும் கண்ணாடியை மனதில் வைத்துச் சொன்னது.

அந்தக் காலையில் ஷோரூமில் அந்தப் பெண்மணி என்னைப் பின் சீட்டில் உட்கார வைத்தார். அண்ணன் எப்படி உட்காருவார் என்று கேட்டு அதேபோல் ஒருக்களித்துச் சாய்ந்து, இடது காலை நீட்டி உட்காரச் சொன்னார். இடுப்புக்குப் பின்னால் ஒரு தலையணை. தானும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். திருவரங்குளம் சாலையில் குறிப்பிட்ட ஒரு மைல்கல் வரை போய்த் திரும்புவது. முதலில் பேஸ் மாடல், பிறகு டாப் எண்டு. ஒரே வேகம், ஒரே தடம். நான் ஒவ்வொரு குலுக்கலுக்கும் குறிப்பேட்டில் மதிப்பெண் போட்டேன்.

முடிவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்தது. பேஸ் மாடல் சின்னச் சின்ன வெடிப்பைக்கூட மறைக்காமல் முதுகுக்குச் சொன்னது. டாப் எண்டு அதைவிட மென்மையாக இருந்தது. அவர் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

"டயருக்குக் காத்து பாத்தாச்சாண்ணே?" என்று டிரைவரைக் கேட்டார்.

"பாத்தாச்சு மேடம்."

"அப்ப சரி. கால் சொல்றதத்தான் நான் சொல்லணும். டாப் எண்டே எடுங்க சார்."

அண்ணன் அன்று மதியம் இரண்டு பேருக்குப் போன் செய்து சொன்னார். முன்பதிவு ஆனது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் வண்டியை எடுப்பதாக இருந்தது.

அதற்கு முன்பே, அந்த வாரச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தப் பெண்மணி இலுப்பூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். பேருந்தில் வந்திருந்தார். கோட்டு இல்லை. அண்ணி நாற்காலி போட்டார். உட்காரவில்லை.

"நான் சொன்னது தப்பு சார்," என்றார்.

அந்த பேஸ் மாடல், நான் வருவதற்கு முந்தைய நாள்தான் கிடங்கிலிருந்து ஷோரூமுக்கு வந்திருக்கிறது. புது வண்டிகளை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதால் டயர் சப்பிவிடாமல் இருக்க, தேவைக்கு மேல் காற்று அடைத்து அனுப்புவார்கள். ஓட்டுவதற்கு முன் இறக்க வேண்டும். டிரைவர் டாப் எண்டை மட்டும் பார்த்துவிட்டு இரண்டையும் பார்த்ததாகச் சொல்லிவிட்டார். காற்று அளக்கும் கருவி இவர் கைப்பையிலேயே எப்போதும் இருக்கும். அன்றைக்கு எடுக்கவில்லை.

"நேத்து சாயங்காலம் மெக்கானிக் காத்த எறக்கிட்டு இருந்தாப்ல. அந்தச் சத்தம் நிக்கவே இல்ல சார். போயி பாத்தேன். முப்பத்தி மூணு இருக்க வேண்டிய எடத்துல நாப்பத்தஞ்சு இருந்திருக்கு. கல்லு மாதிரி. அதுலதான் ஒங்கள ஒக்கார வச்சேன்."

கட்டிலில் இருந்தபடி அண்ணன் எல்லாவற்றையும் கேட்டார்.

"வண்டிய விக்கிறதுக்கு ஆள் வீடு தேடி வருவாங்க. விக்காம இருக்கிறதுக்கு பஸ் ஏறி வந்த ஆள இப்பத்தான் பாக்குறேன்," என்றார்.

"விக்க வேணாம்னு சொல்லலண்ணே. இன்னொரு தடவ பாத்துட்டு எடுங்க. இந்தத் தடவ நீங்களே வாங்க."

"ஊரெல்லாம் சொல்லியாச்சும்மா. இப்பப் போயி பேஸ் மாடலுன்னா, விழுந்ததுல தலையிலயும் அடிபட்டுருச்சுன்னு பேசுவாய்ங்க."

"பேசுறவங்க பின் சீட்டுல உக்காருறது இல்லண்ணே."

அண்ணி காபியோடு நின்றுகொண்டிருந்தார். "நீங்க என்னைக்கிம்மா கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டார். அண்ணன் அண்ணியை ஒரு பார்வை பார்த்தார். காபியை வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை அண்ணனுக்கு எப்படியும் சிகிச்சை நாள். போகும்போது டாப் எண்டு, திரும்பும்போது பேஸ் மாடல் என்று ஏற்பாடு. இரண்டு வண்டியிலும் நான்கு டயர்களின் காற்றையும் என் கண் முன்னால் அந்தப் பெண்மணியே அளந்தார். மேனேஜருக்குத் தெரியுமா என்று டிரைவரிடம் கேட்டேன். "தெரியும் சார். இந்த புக்கிங் போனா மேடமும் போகணும்னுட்டாரு," என்றார். அந்தப் பெண்மணியிடம் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

போகும் வழியில் நான் முன் சீட்டில். பின்னால் அண்ணனும் அவரும். டாப் எண்டு நன்றாகவே ஓடியது. கண்மாய்க்கரைத் திருப்பங்களில் சாய்வே இல்லை. ஆனால் தார் பெயர்ந்த இடங்களில் வண்டி டக் டக்கென்று சுருக்கமாகக் குதித்தது. அண்ணன் கடைவீதியைப் பற்றியும் வானிலையைப் பற்றியும் அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அண்ணனுடைய வலது கை மட்டும் எனக்குத் தெரிந்தது. கதவுக்கு மேல் இருக்கும் பிடியை அது இலுப்பூரில் பிடித்தது. புதுக்கோட்டையில்தான் விட்டது.

"நல்லாத்தான இருக்கு," என்றார் அண்ணன் இறங்கும்போது. நெற்றியில் வியர்வை இருந்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது மணி பன்னிரண்டே கால். பேஸ் மாடலில் பின் பக்கத்துக்கு ஏ.சி. காற்று தனியாக வராது. அதற்காக அந்தப் பெண்மணி ஒரு சின்ன பேட்டரி விசிறியை முன் சீட்டின் தலைப்பகுதியில் மாட்டியிருந்தார். அண்ணன் முதல் மூன்று வேகத்தடைகளுக்கும் பிடியைத் தொட்டார். நான்காவதுக்குத் தொடவில்லை. வண்டி கொஞ்சம் ஊசலாடியது, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. திருப்பத்தில் நான்கூட ஒரு பக்கம் சாய்ந்தேன். குறிப்பேட்டில் அதை எழுதினேன்.

அன்னவாசல் தாண்டியதும் பின்னால் பேச்சு நின்றது.

"அண்ணே," என்றார் அவர்.

பதில் இல்லை.

"அண்ணே, முழிச்சிருக்கீங்களா?"

பதில் இல்லை.

"வண்டிய நிறுத்துங்க." குரல் உயரவில்லை. "இப்பவே நிறுத்துங்க."

டிரைவர் ஓரம் கட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணனின் தலை ஒரு பக்கம் தொங்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் அண்ணனின் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்து எண்ணியது. எண்ணி முடிக்கிறவரை காருக்குள் விசிறிச் சத்தம் மட்டும்தான் இருந்தது. எனக்கு அண்ணி என்ன சொல்வார் என்ற நினைப்பு வந்தது. வேறெதுவும் தோன்றவில்லை.

அண்ணன் கண்ணைத் திறந்தார். கையைப் பார்த்தார்.

"என்னம்மா, ரேகை பாக்குறியா? எந்த ஊர் வந்திருக்கோம்?"

அவர் கையை விட்டுவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார். செருப்பு புதுக்கோட்டையில், ஷோரூம் முற்றத்தில் இருந்தது. பங்குனி வெயிலில் தார்ச் சாலையில் வெறுங்காலோடு வண்டியின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் இறங்கினேன்.

"தூங்கிட்டாரு சார்," என்றார்.

"ஆமாம்."

"விழுந்ததுக்கு அப்பறம் வண்டியில தூங்கியிருக்காரா?"

"இல்ல. ஒரு தடவகூட இல்ல."

அவர் தலையாட்டினார். என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"முந்தி ஆம்புலன்சுல ஒருத்தரு இதே மாதிரிதான் சார். கத்திக்கிட்டே வந்தாரு. பாதி வழியில சத்தம் நின்னுபோச்சு. வலி கொறஞ்சு தூங்கிட்டாருன்னு நெனச்சேன். எழுப்ப வேணாம்னு நானும் பேசாம வந்தேன். ஆஸ்பத்திரி வரைக்கும் பேசாம வந்தேன்."

பிறகு ஒரு காலைத் தூக்கி மற்ற காலின் மேல் வைத்துக்கொண்டு, "சுடுது, போகலாமா?" என்றார்.

இலுப்பூர் வரும்வரை அண்ணன் மறுபடி தூங்கினார். இந்த முறை அவர் எழுப்பவில்லை. ஆனால் மணிக்கட்டிலிருந்து விரல்களையும் எடுக்கவில்லை.

அண்ணன் அன்று மாலை டாப் எண்டு வேண்டாம் என்றார். நடுவில் ஒரு வகை இருந்தது. அதற்கும் டாப் எண்டின் சக்கரமே என்பதால் அதையும் வேண்டாம் என்றார். வெள்ளிக்கிழமை வந்தது பேஸ் மாடல். எலுமிச்சம்பழத்தில் ஏற்றி, அம்மன் கோவில் வாசலில் நிறுத்தியபோது, அண்ணனின் கூட்டாளி ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து கூரையைத் தட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, மேல தொறக்காதா?"

"தொறந்தா வெயிலடிக்கும்டா. எனக்குத் தூக்கம் கெட்டுரும்," என்றார் அண்ணன்.

வண்டியை ஒப்படைக்க அந்தப் பெண்மணி வரவில்லை. வேறொருவர் வந்து சாவியின் பெரிய அட்டை மாதிரியைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். அவர் வராத காரணத்தைக் கேட்டேன். விடுப்பு என்றார். திங்கட்கிழமை போன் செய்தபோது அவரே எடுத்தார். நன்றி சொல்ல ஆரம்பித்தேன்.

"காத்து வாரா வாரம் பாருங்க சார். வெயில்ல ஏறும். பங்க்ல பாக்குறப்ப எறங்கி நின்னு பாருங்க. அவங்க பாத்தாச்சும்பாங்க," என்றார்.

நான் வாரா வாரம் பார்த்தேன். கருவி ஒன்று வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொண்டேன். ஓட்டும்போது கண்ணாடியில் அண்ணனின் கையைப் பார்ப்பது பழகிவிட்டது. அண்ணன் பேசாமல் வந்தால், என்ன குழம்பு வைக்கச் சொல்லலாம் என்று கேட்பேன். "தூங்க விடுடா," என்பார். திட்டு வாங்கினால் நிம்மதியாக இருக்கும். மறுபடி அமைதி வந்தால் அடுத்த வேகத்தடைக்கு முன் இன்னொரு தடவை கேட்பேன்.

மூன்று மாதம் முடிந்து திருச்சியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் விளக்கில் அருகருகே மாட்டி, அளவுகோல் வைத்து இரண்டு முறை அளந்தார். திருகாணி நகரவில்லை என்றார்.

மறுநாள் காலை புதுக்கோட்டை ஷோரூமுக்குப் போனேன். மேடம் வேலையை விட்டுப் போய் இரண்டு மாதமாகிறது என்றார் டிரைவர். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. முற்றத்தில் ஒரு டாப் எண்டு டெஸ்ட் டிரைவுக்குத் தயாராக நின்றது. ஒன்றரை மாதமாக ஓடும் வண்டி என்றார். முன் சீட்டுகளின் உறை அழுக்கேறியிருந்தது. பின் சீட்டில் கம்பெனியிலிருந்து வந்த பிளாஸ்டிக் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது.